செல்லம் மாமியின் இடுப்பு

எங்கள் தொலைக்காட்சி நாடகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் நான்கு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி தயாரிப்பாளர் கேட்டிருக்கிறார். கூடவே செல்லம் மாமியின் சாமான்களையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்: சேலை, மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, இடுப்பு. அறிவுரையும் இடுப்பும் ஒரே பார்சலில் வந்தால் அவருக்கு வசதியாம்.

ஓய்வுபெற்றவர்கள் சாய்கதிரையில் கிடந்துகொண்டு அறிவுரை சொல்வார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. வீட்டில் சாய்கதிரை இல்லை; இருந்தாலும் அதில் காயப்போட்ட துணிதான் கிடக்கும். மூத்தவளுக்குப் பல் விழுகிறது, இளையவனுக்குப் பல் முளைக்கிறது. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்திருந்தேன். முதல் தடவை பார்த்தபோதும் அணைத்துத்தான் இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிரிக்க வைப்பவர்கள் பிறக்கும்போதே சிரித்துக்கொண்டு பிறந்தவர்கள் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். நான் கண்டி மஹய்யாவயில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுத்தவள். எனக்கு இயல்பாக வந்தது பயம் மட்டும்தான். கதவைப் பூட்டினேனா, தண்ணீர்க் குழாயை மூடினேனா, அந்த ஆளிடம் அப்படிப் பேசியிருக்கலாமா. இந்த வியாதியை அப்படியே தூக்கி, கண்டியில் போடிங் வீடு நடத்தும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் கொடுத்து, அவளாக நானே நடித்தேன். செல்லம் மாமி இரவில் எழுந்து வாடகைக்கு இருக்கும் பையன்களின் விளக்குகளை எண்ணினாள், மின்சார மீட்டரோடு பேசினாள், முட்டை பொரிக்கும் வாசனை எந்த அறையிலிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்தாள். என் வீட்டில் அதற்குப் பெயர் நரம்புக் கோளாறு. தொலைக்காட்சியில் அதற்குப் பெயர் நகைச்சுவை.

"கண்டியிலை குளிருக்குக் காசு வாங்கேல்லை எண்டு சந்தோசப்படுங்கோ தம்பியவை" என்று மாமி சொன்ன நாளிலிருந்து ஊரில் எந்த வீட்டுக்காரியும் வாடகை கூட்ட முடியவில்லை. பையன்கள் அந்த வசனத்தையே திருப்பிச் சொன்னார்களாம்.

மாமி யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசினாள். நான் மலையகத்துப் பேச்சுப் பேசுகிறவள். அதனால் இரண்டு பக்கமும் எனக்கு நண்பர்கள் குறைவு. யாழ்ப்பாணத்துக்காரர் தங்களை நக்கல் அடிப்பதாக எழுதினார்கள். எங்கள் லயின் வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டு ராணி அக்கா, "நம்ம பேச்ச டீவில பேச ஒனக்கு வெக்கமா இருக்கோ?" என்று கேட்டார். வெட்கமா இல்லையா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் தெரியும்: இரண்டு பக்கமும் கோபித்துக்கொண்டே இரண்டு பக்கமும் தவறாமல் பார்த்தார்கள். கோபக்காரர்களை இழந்துவிடாதீர்கள். ரசிகர்கள் இடையில் எழுந்து சாப்பிடப் போவார்கள். கோபக்காரர்கள் கடைசி எழுத்து ஓடும் வரை இருப்பார்கள்.

அந்தப் பேச்சை எனக்குச் சரிபார்த்துத் தந்தவர், மாமியின் கணவராக நடித்த அண்ணை. பெயர் வேண்டாம், அவருக்குப் பெயர் போட்டால் எழுத்து சின்னது என்று கோபிப்பார். கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். உண்மையான யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல நடிகர், அதைவிட நல்ல திருடர். நான் எழுதிய பகிடி என் வாயில் முடியும் இடத்தில் அவருக்குத் தவறாமல் ஒரு தும்மல் வரும். சனம் தும்மலுக்குச் சிரிக்கும். "தடிமன் பிள்ளை, நான் என்ன செய்ய?" என்பார். ஒளிப்பதிவு நாளில் மட்டும் பிடிக்கிற தடிமன்.

இருவரும் கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில்தான் போவோம். கடுகண்ணாவைக் கணவாய் இறங்கும் இடத்தில் சோதனைச் சாவடி. இளம் ஆண்களையும், அடையாள அட்டையில் வடக்கில் பிறந்ததாக எழுதியிருப்பவர்களையும் இறக்குவார்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் அண்ணை இறங்குவார். கேள்வி கேட்டு, பையைக் கொட்டி, திரும்ப ஏற்றுவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வசனத்தைத் திருத்திக்கொண்டிருப்பேன். என் நல்ல பகிடிகளில் பாதி, அவர் கீழே நின்ற நேரத்தில் எழுதப்பட்டவை. அவர் ஏறி வந்து, "முடிச்சிட்டீரோ? நான் வேணுமெண்டால் இன்னும் கொஞ்சம் நிக்கிறன்" என்பார்.

போர்க்காலத்தில் தமிழில் பகிடி எழுதினால் அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து ஓர் ஐயாவிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பதும் என் வேலைதான். அப்போது வீட்டில் தங்கும் தமிழ் ஆட்களை பொலிசில் பதிய வேண்டும். மாமி சொன்னாள்: "என்ரை வீட்டிலை பொலிசிலை பதியாமல் இருக்கிறது மூட்டைப்பூச்சி மட்டும்தான்." ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மூட்டைப்பூச்சி என்பது யார்?" என்று கேட்டார். மூட்டைப்பூச்சிதான் சார் என்றேன். "எந்தப் பகுதியிலிருந்து வந்தது?" என்றார். சிரிக்காமல் கேட்டார். நானும் சிரிக்காமல், "கட்டிலிலிருந்து" என்றேன். வெட்டிவிட்டார். சிரிப்பை விளங்கப்படுத்தும்படி யாராவது கேட்டால் விளங்கப்படுத்தாதீர்கள்; வெட்டக் கொடுத்துவிட்டு இன்னொன்று எழுதுங்கள். விளங்கப்படுத்தப் போனால் பகிடியும் சாகும், நீங்களும் சந்தேகத்துக்கு ஆளாவீர்கள்.

இனி இடுப்புக்கு வருகிறேன்.

இப்போது உங்களுக்கு உடை மாற்ற அறை இருக்கிறது. எங்களுக்கு இருக்கவில்லை. தமிழ் நிகழ்ச்சிக்குக் கலையகம் கிடைப்பது இரண்டு சிங்கள நிகழ்ச்சிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில். வந்தோம், நின்றோம், பேசினோம், போனோம் என்று இருக்க வேண்டும். ஆகவே வீட்டிலிருந்தே வேஷத்தோடு வருவது எங்கள் வழக்கம். நான் மஹய்யாவயிலேயே தலைக்குப் பவுடர் பூசி நரைக்க வைத்து, இடுப்பில் துணிச்சுருளைக் கட்டி, சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். கண்டி பஸ் நிலையத்தில் கடலை விற்பவர்கள்கூட, "மாமி, லைட்ட நிப்பாட்டிட்டீங்களா?" என்று கூப்பிடுவார்கள். எனக்குப் பிடித்திருந்தது. இதில் வெட்கம் எதற்கு, பிடித்திருந்தது. கண்டி பஸ் நிலையத்தில் தெரிந்த முகம் நாடெல்லாம் தெரிந்த முகம் என்று நினைப்பதுதான் நம் தொழிலின் முதல் நோய். மருந்து கடுகண்ணாவையில் கிடைக்கும்.

மகளுக்கு அப்போது ஏழு மாதம். ஒளிப்பதிவு நாளில் அவளை ராணி அக்காவிடம் விட்டுப் போவேன். போத்தலை வாயில் வைத்தால் அவள் துப்புவாள். பசித்தால் வேறு வழியில்லாமல் குடிப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று காலை பழைய துணிச்சுருள் காயவில்லை. மகளின் சின்னத் தலையணையை எடுத்து வயிற்றில் வைத்து, அவளுக்குக் கட்டிவிடும் நப்பித் துணிகளால் சுற்றிக் கட்டினேன். பழையதைவிடச் சொகுசாக இருந்தது. மாமிக்கும் நல்ல உருண்டை.

"இது நல்ல இடுப்பு" என்றார் அண்ணை பஸ்ஸில். "போன மாசத்து இடுப்பு கொஞ்சம் மெலிவு." பேராதனை தாண்டியதும் இருவரும் வசனம் பேசிப் பார்க்கத் தொடங்கினோம். நான் மாமியாகவே இருந்தேன்.

முந்தின நாள் வேறெங்கோ குண்டு ஒன்று வெடித்திருக்கிறது. சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களையும். ஓர் இளம் ஆமிக்காரன் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மீண்டும் அட்டையைப் பார்த்தான்.

"வயது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"இருபத்தாறு" என்றேன், நரைத்த தலையோடு.

"பிறந்த இடம்?"

"கண்டி."

நான் கண்டிக்காரி. சிங்களம் எனக்கு விளையாடும்போது வந்த மொழி. பள்ளியில் சிங்களப் பிள்ளைகளுக்கே உச்சரிப்புத் திருத்தியவள். ஆனால் காலையிலிருந்து மாமியாக இருந்த வாய் பயத்தில் மாமியின் வாயாகவே நின்றுவிட்டது. என் சிங்களம் சுத்தமான யாழ்ப்பாணத்து இழுப்போடு வெளியே வந்தது. எனக்கே கேட்டது. திருத்தப் பார்த்தேன், இன்னும் மோசமாக வந்தது. இத்தனை காலமும் யாழ்ப்பாணத்துக்காரர், "அவவின்ரை பேச்சு சரியில்லை" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்று ஒருவனும் பிழை பிடித்திருக்க மாட்டான்.

அட்டையில் இருபத்தாறு. முகத்தில் ஐம்பத்தைந்து. பிறந்தது கண்டி. பேச்சு யாழ்ப்பாணம். அவன் கண் மெதுவாக இறங்கி என் இடுப்பில் நின்றது.

அவன் கத்தவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தான். துப்பாக்கி வைத்திருப்பவன் உங்களைக் கண்டு பின்னால் நகர்ந்தால், அதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்றுமில்லை. அவன் நகர்ந்ததைக் கண்டு பஸ்ஸில் வந்த சனமும் நகர்ந்தது. நடுவே பெரிய வட்டம், அதற்குள் நான் மட்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய மேடை கிடைத்ததே இல்லை.

"கையைத் தூக்கு. தலைக்கு மேலே. இடுப்பைத் தொடாதே!"

தூக்கினேன். சாவிக்கொத்து கிலுங்கியது. அந்த நேரத்தில் என் வாயில் ஒரு வசனம் தயாராக வந்து நின்றது என்றால் நம்புவீர்களா? மாமியின் வசனம். நல்ல வசனம். சொல்லியிருந்தால் பஸ் முழுக்கச் சிரித்திருக்கும். நான் அதை விழுங்கினேன். இன்றைக்கும் அதை எழுத மாட்டேன். நெருக்கடியில் பகிடி விடுகிறவனைத் துணிச்சல்காரன் என்பார்கள். துணிச்சல் இல்லை, அது விக்கல் மாதிரி ஒரு பழக்கம். எதிரே நிற்பவனின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறவுங்கள்.

அண்ணைதான் திறந்தார். கந்தோர்ச் சிங்களம், தும்மல் இல்லாமல்: "ஐயா, இவர் நடிகை! தொலைக்காட்சியில் வருபவர்! நான்தான் இவருடைய கணவர், நாடகத்தில்!"

"உன் அட்டையைக் காட்டு."

காட்டினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். இப்போது ஒரு சந்தேகம் இரண்டானது.

"அண்ணை, நீங்க பஸ்ல ஏறுங்க" என்றேன் தமிழில், கையைத் தூக்கியபடியே.

"விசரே உமக்கு? இப்பிடி விட்டிட்டுப் போறதோ?"

"ரெண்டு பேரும் மாட்டுனா யாரு வந்து சொல்றது? போயி தயாரிப்பாளர்கிட்ட சொல்லுங்க. அவரு போன் பண்ணட்டும். போங்கண்ணை."

அவருடைய கந்தோர் அட்டையையும் பார்த்தபின் ஒரு பெரிய அதிகாரி, "போ, ஏறு" என்றார். அண்ணை ஏறினார். பஸ் போய்விட்டது. போகச் சொன்னது நான்தான். போனதற்காக அவரை மன்னிக்க எனக்கு ஒரு வருடம் சென்றது. அப்படியும் நடக்கும். சரியான முடிவை எடுத்துவிட்டு, அதற்குக் கீழ்ப்படிந்தவன்மேல் கோபப்படுவோம்.

பெண் பொலிஸ் வந்துதான் என்னைச் சோதிக்க வேண்டும். அதுவரை மண்மூட்டைகளுக்குத் தள்ளி, தலையில் கைவைத்து நில் என்றார்கள். வெயில் ஏறியது. நெற்றியிலிருந்து பவுடர் கரைந்து கண்ணில் வழிந்தது. துடைக்கக் கையை இறக்க முடியாது. என் மனம் என்ன யோசித்தது தெரியுமா? சுடுவார்களா என்று இல்லை. மகளின் நப்பிகள் எல்லாம் என் இடுப்பில் இருக்கின்றன, ராணி அக்கா மாற்றுவதற்கு என்ன செய்வார் என்று. பிறகு அவள் குடிக்கும் நேரம் வந்தது.

தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளை எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் அந்த நேரம் வந்தால் உடம்புக்குத் தெரியும். முதலில் ஊசி குத்துவதுபோல இருக்கும். பிறகு தானாக வரும். கைகள் தலையில் இருந்தன. சட்டையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்து, பரந்து, ஒன்றாகச் சேர்ந்து கீழே இறங்கியது.

இளம் ஆமிக்காரன் கண்டுவிட்டான். வட்டத்தின் நடுவே, நரைத்த தலைக் கிழவியின் உடம்பிலிருந்து ஏதோ கசிகிறது. அவன் துப்பாக்கியை உயர்த்தினான். அவனுக்கும் என் தம்பியின் வயதுதான்.

"மே மொகத?" என்று கத்தினான். இது என்ன?

என் வாய் திறந்தது. "கிரி" என்றேன். பால். "லமயாட்ட கிரி." பிள்ளைக்குப் பால்.

அந்த இரண்டு சொல்லும் மஹய்யாவச் சிங்களத்தில் வந்தன. செல்லம் மாமி அந்த இடத்தில் என்னை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் மட்டும்தான்.

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியது அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பெண் பொலிசுக்கு. தேநீரைப் பாதியில் விட்டு வந்த எரிச்சலோடு வந்தவர், என் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "அனே!" என்றார், ஐயோ பாவமே என்று. பையனின் துப்பாக்கிக் குழாயை இரண்டு விரலால் நிலத்தை நோக்கித் தள்ளினார். ஈயை ஓட்டுவதுபோலத் தள்ளினார்.

சாக்குத் தட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் அவிழ்க்கச் சொன்னார். ஒவ்வொரு நப்பியாக அவிழ்த்தேன். கடைசியில் தலையணை. மஞ்சள் தாரா வாத்து தைத்த தலையணை. பாதி நனைந்து, பால் வாசனையோடு. அவர் அதை வாங்கிப் பார்த்தார். அமுக்கினார். முகர்ந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, தொப்பி சரியச் சிரித்தார். எத்தனையோ வாரம் எழுதி, வெட்டி, திருத்தி நடித்தவள் நான். என் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு அதுதான். எழுதியது நான் இல்லை.

"ஏன் நங்கி இந்தக் கோலம்?"

தங்கை என்கிறார். சொன்னேன். நாடகம், தொலைக்காட்சி, போடிங் வீடு, உடை மாற்ற அறை இல்லாதது.

"எங்கள் நாடகத்துக்கு முன்னால் வருமே, குண்டு மனுஷி, அதுவா?" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எங்கள் அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பார், இந்தக் குண்டு மனுஷி எப்போது முடிப்பாள், நம் நாடகம் எப்போது தொடங்கும் என்று."

ஒரு சிங்கள ரசிகரிடமிருந்து நான் பெற்ற ஒரே விமர்சனம். பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

நப்பிகளை மடித்துக் கையில் தந்தார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "கேள். அடுத்த முறை நான் லீவில் இருப்பேன். அந்தப் பையன் கடமையில் இருப்பான். பால் என்று சொல்ல உனக்கு நேரம் இருக்காது." பிறகு வீதியைக் காட்டினார். "போ."

வீதிக்கு வந்தேன். கரைந்த நரை, மெலிந்த இடுப்பு, நனைந்த சட்டை, கக்கத்தில் தலையணை. இந்தப் பக்கம் கொழும்பு, அந்தப் பக்கம் கண்டி. பையில் அன்றைய வசனம் முழுவதும் இருந்தது. நான் போகாவிட்டால் ஒளிப்பதிவு இல்லை. ஒளிப்பதிவு இல்லாவிட்டால் அந்த இடுக்கில் மீன் வளர்ப்பு விவரணப் படம் போடுவார்கள். ஒரு தடவை மீன் புகுந்தால் தமிழ் திரும்ப வராது என்று தயாரிப்பாளர் எப்போதும் சொல்வார். கடமை என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்கிறவள் நான்.

முதலில் வந்தது கொழும்பு பஸ். கையைக் காட்டினேன். நின்றது. ஒரு காலை ஏற்றினேன்.

"நகின்ன, நகின்ன!" என்று கொண்டக்டர் அவசரப்படுத்தினார். ஏறு, ஏறு.

இறங்கினேன்.

அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. என் தாயையும் சேர்த்துச் சொன்னார். எதிர்ப்பக்கம் ஓடிப்போய்க் கண்டி பஸ்ஸைப் பிடித்தேன். கண்டி வரும் வழி முழுவதும், பிழை செய்துவிட்டேனோ, திரும்பிவிடலாமோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சரியான முடிவு எடுத்தால் மனதில் அமைதி வரும் என்கிறார்களே, அது வரவே இல்லை. பேராதனையில் இறங்கித் திரும்பலாமா என்றுகூட எழுந்து நின்றேன்.

ராணி அக்கா வாசலில் நின்றார். அவர் தோளில் மகள் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய்க் கிடந்தாள். போத்தலை மூன்று தடவை தட்டி உடைக்கப் பார்த்தாளாம். நான் கையை நீட்டினேன். அவள் என் தலையைப் பார்த்தாள், இன்னும் உரத்துக் கத்தினாள்.

"வேசத்த கலச்சுட்டு வா தங்கச்சி! புள்ள பயப்படுது!" என்றார் ராணி அக்கா. "இந்தக் கோலத்துலயா கொழும்புக்குப் போன? ஆமிக்காரன் ஒண்ணுஞ் சொல்லலியா?"

"சொன்னாங்கக்கா" என்றேன், குழாயடியில் தலையை நுழைத்தபடி.

அன்று கொழும்பில் நடந்தது பிறகு தெரிந்தது. அண்ணை ஓடிப்போய், என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தயாரிப்பாளரிடம் சொல்லியிருக்கிறார். தயாரிப்பாளர் கேட்ட முதல் கேள்வி: "வசனம் யாரிடம் இருக்கிறது?" இரண்டாவதாகத்தான் போன் செய்திருக்கிறார். அந்த நேரம் நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாவடியில், "எந்தக் கிழவி? கிழவி ஒருத்தியும் இல்லையே" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். கலையகம் காத்துக்கொண்டிருந்தது. மீன்கள் தயாராக இருந்தன.

அண்ணை என்ன செய்தார் தெரியுமா? சமையலறைக் கதவுபோல வரைந்திருந்த தட்டியை மூடினார். மாமி கோபித்துக்கொண்டு உள்ளே இருக்கிறாள், வெளியே வர மாட்டாள் என்று வைத்துக்கொண்டார். முழு நேரமும் அந்த மூடிய கதவோடு பேசினார். கெஞ்சினார், மிரட்டினார், வாடகை கூட்டலாம் என்று ஆசை காட்டினார். பதிலுக்குத் தயாரிப்பாளர் பின்னால் நின்று சட்டியைத் தட்டினார். கடைசியில் அண்ணை கதவில் காதை வைத்து, "செல்லம், ஒருக்கா இருமிக் காட்டும். உள்ளுக்கை நிக்கிறீர் எண்டு தெரிஞ்சால் காணும்" என்றார். தும்மவில்லை. அந்த ஒரு நாள் அவர் தும்மவே இல்லை.

அந்த வாரம் ராணி அக்கா வீட்டில் லயினே கூடியிருந்து பார்த்தது. சனம் சிரித்துச் சிரித்து அழுதது. கடைசி வசனத்துக்கு நானும் அழுதேன், சிரிக்காமல். முடிந்ததும் ராணி அக்கா என் முதுகில் தட்டி, "இன்னைக்குத்தாண்டி நீ நல்லா நடிச்ச! இவ்வளவு நாளும் கொஞ்சம் கூடுதலா பேசுவ" என்றார்.

"நான் வரவே இல்லியேக்கா!"

"சும்மா இரு. சட்டி தட்டுனது நீதான, எனக்குத் தெரியாதா?"

எத்தனையோ கடிதம் வந்தது. மாமியின் பாத்திரப் படைப்பு அன்றுதான் முழுமை அடைந்தது என்று ஒரு தமிழாசிரியர் எழுதியிருந்தார். நீங்கள் எழுதுகிறவர்கள், நடிக்கிறவர்கள்; ஆகவே இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நான் இல்லாத நாளில்தான் நான் மிகவும் ரசிக்கப்பட்டேன். நீங்கள் இல்லாமலும் அது நடக்கும், நன்றாகவே நடக்கும். ஆகவே உயிரைக் கொடுத்து எந்த பஸ்ஸையும் பிடிக்காதீர்கள்.

உடை மாற்ற அறை கேட்டு நான் எழுதிய விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. பிறகு ஒரு சிங்கள நாடகத்தில் நாய் ஒன்று நடிக்க வந்தது. அது சத்தத்துக்குப் பயந்தது. அதற்காகச் சாமான் அறை ஒன்றை ஒதுக்கி, விளக்குப் போட்டு, தண்ணீர் வைத்தார்கள். நாடகத்தில் நாய் செத்தது. அறை எங்களுக்கு வந்தது. இன்று நீங்கள் உடை மாற்றும் அறை அதுதான். மூலையில் வாசனை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். நமக்கு முன்னால் நம்மைவிட மரியாதையுள்ள கலைஞர் ஒருவர் இருந்த இடம்.

மாமியாக வரப்போகும் தங்கச்சிக்கு: கடுகண்ணாவையில் மண்மூட்டைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. பையன்கள் மாறியிருப்பார்கள், வயது மாறியிருக்காது. பஸ்ஸில் மாமியின் பேச்சைப் பழகாதே. உன் முகத்தோடு, உன் வயதோடு, உன் வாயோடு போ. மாமியை அங்கே போய்ப் பூசிக்கொள். சேலை, கண்ணாடி, சாவிக்கொத்து மூன்றையும் பார்சலில் வைத்திருக்கிறேன். இடுப்பு வராது. நீயே ஒன்று தைத்து அந்த அறையிலேயே வைத்துக்கொள்.

போன வாரம் அந்தக் கதவு நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டார்கள். மகள் தாராத் தலையணையில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தாள். அதைத் துவைக்கக்கூட விட மாட்டாள்.

"அம்மா, மாமி ஏன் வெளிய வரல்ல?"

"மாமி அங்க இல்ல. ஒனக்குப் பால் குடுக்க வீட்டுக்கு வந்துட்டா."

அவள் என்னைப் பார்த்தாள். தொலைக்காட்சியில் சட்டி டணார் என்றது.

"பொய்" என்றாள். "உள்ளதான் இருக்கா. சத்தம் கேக்குது பாருங்க."